அழைத்தால் மட்டுமே வரலாம் என்கிற அறக்கட்டளையை எப்படி அணுகுவது?

வாசகர் கேள்வி: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு வாடகை வீடுகளில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் தமிழ் வாசிப்பும் துணைப்பாடமும் நடத்துகிறோம். சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம். எல்லாமே தொண்டூழியர்களை வைத்து ஓடுகிறது. பிள்ளைகள் நாற்பதைத் தாண்டிவிட்டதால், சம்பளம் கொடுத்து முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைக்காமல் இனி முடியாது. இதே மாதிரி வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு ஒரு குடும்ப அறக்கட்டளை மூன்று ஆண்டுக்கு நிதி தருவதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் இணையப்பக்கத்தில் ‘விண்ணப்பங்களை ஏற்பதில்லை, நாங்களே அழைப்போம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. இரண்டு மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. அறங்காவலர் ஒருவரை என் நண்பருக்குத் தெரியும். இன்னொருவர், கிடைக்கும் தொகையில் பத்து விழுக்காடு தந்தால் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அறக்கட்டளையின் அக்கறை ‘எழுத்தறிவு’ என்பதால், தமிழ் என்பதை அழுத்தாமல் எழுதலாம் என்றும் குழுவில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து விழுக்காட்டுக்காரர் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கென்று ஒருவர் கொடுக்கும் பணத்திலிருந்து அந்தப் பங்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். வரவுசெலவில் அதைக் காட்டினால் அறக்கட்டளை அந்த இடத்திலேயே கோப்பை மூடிவிடும். காட்டாமல் மறைத்தால் அது ஏமாற்று. நிதி திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்களின் சர்வதேசச் சங்கமும், திரட்டிய தொகையில் விழுக்காடு வாங்கக் கூடாது என்று தன் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறது. உண்மையிலேயே அறங்காவலர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் அதை விலை பேசமாட்டார். எழுத்து வேலைக்கு உதவி வேண்டுமென்றால், வேலைக்கு இவ்வளவு என்று பேசிய கட்டணத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே கட்டணம்தான்.

அடுத்து, பதில் வராத மின்னஞ்சல்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்ப அறக்கட்டளை என்றதும் நாம் பெரிய அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். பல இடங்களில் ஒன்றிரண்டு ஊழியர்கள்தான். சில இடங்களில் குடும்பத் தொழிலின் செயலாளரே இதையும் பார்த்துக்கொள்கிறார். எல்லாரிடமும் விண்ணப்பம் வாங்கினால் படிக்க ஆள் போதாது. அதோடு, நூறு பேரை எழுத வைத்து மூன்று பேருக்குக் கொடுப்பது மற்ற தொண்ணூற்றேழு பேரின் உழைப்பை வீணாக்குவது என்று மனப்பூர்வமாக நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நினைப்பில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் பெரும் செல்வந்தரும் நன்கொடையாளருமான மெக்கன்சி ஸ்காட் விண்ணப்பமே வாங்காமல், தம் குழுவை வைத்து அமைதியாக விசாரித்துத்தான் கொடுத்து வந்தார். 2023இல் பொது அழைப்பு ஒன்று விட்டார். 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 640 மில்லியன் அமெரிக்க டாலர் கிடைத்தது. அத்தனை தாராளமான அழைப்பிலும் ஏறக்குறைய ஆறாயிரம் அமைப்புகள் வெறுங்கையோடு திரும்பின. ஆகவே விண்ணப்பம் வாங்குகிற இடம் எளிது, வாங்காத இடம் கடினம் என்று கணக்குப் போட வேண்டாம். வாங்காத இடத்தில் தேடுகிற வேலை அவர்களுடையது. அவர்கள் தேடும்போது கண்ணில் படுகிற இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், பட்டதைச் சரிபார்க்க முடியவும் வேண்டும். உங்கள் குழு இந்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை இதுதான்.

சரி, அவர்கள் எங்கே தேடுகிறார்கள்? இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவை மனதில் வைத்து எழுதியவை. அங்கே தனியார் அறக்கட்டளை ஒவ்வோர் ஆண்டும் தன் சொத்து மதிப்பில் சுமார் 5 விழுக்காட்டைக் கொடுத்தாக வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பது 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். ‘முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும் கொடுக்கிறோம்’ என்று குறிக்க அதில் ஒரு கட்டமே உண்டு. சிங்கப்பூரில் அந்தப் படிவமும் இல்லை, அந்த 5 விழுக்காட்டுக் கட்டாயமும் இல்லை. இங்கே நமக்கு உதவுவது, அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அறநிறுவன ஆணையரின் சேரிட்டி போர்ட்டல் என்ற இணையத்தளம். அறக்கட்டளை பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால் அதன் ஆண்டறிக்கையையும் நிதி அறிக்கையையும் அதில் தேடிப் படிக்கலாம். சில அறிக்கைகளில் பெற்றவர்களின் பெயர் இருக்கும், சிலவற்றில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும்.

அப்படி இருந்தால் மறுபக்கத்திலிருந்து தேடுங்கள். வாடகை வீட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்புகளின் ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றிப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், கணக்கின் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்த நிதி அங்கே தனியாக இருக்கும். பல சமயம் அந்த நிதிக்கே கொடுத்த அறக்கட்டளையின் பெயரை வைத்திருப்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இருப்பு இவ்வளவு, வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று ஒரே வரிசையில் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறக்கட்டளை ஒரே முறை கொடுக்கிறதா, தொடர்ந்து கொடுக்கிறதா, தொகை எந்த அளவு, ஆள் சம்பளத்துக்குக் கொடுக்கிறதா, நிகழ்ச்சிக்கு மட்டும்தானா என்பதெல்லாம் புரிந்துவிடும். உங்களுக்குத் தேவை ஒருங்கிணைப்பாளர் சம்பளம். சம்பளத்துக்குக் கொடுக்கும் பழக்கமே இல்லாத இடம் என்று தெரிந்துவிட்டால் அந்த அறக்கட்டளையை நினைத்து இன்னும் ஓர் ஆண்டைக் கழிக்க வேண்டியதில்லை.

சில குடும்பங்கள் சொந்தமாக அறக்கட்டளை வைத்துக்கொள்ளாமல், 2008இல் தொடங்கிய கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் ஆஃப் சிங்கப்பூரில் தங்கள் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தி அதன் வழியே கொடுக்கின்றன. நீங்கள் கேள்விப்பட்ட பெயர் அப்படி ஒரு நிதியாக இருந்தால், நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அங்கே வேலை செய்யும் அதிகாரிகள். அவர்களிடம் உங்கள் பணியைப் பற்றிப் பேசுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அமைப்புகளைத் தெரிந்துவைத்திருப்பதே அவர்கள் வேலை.

இப்போது உங்கள் பக்கம். சங்கமாகப் பதிந்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கப் பதிவகத்தில் பதிந்தால் அது சங்கம்தான், அறநிறுவனம் ஆகிவிடாது. அதற்கு அறநிறுவன ஆணையரிடம் தனியாகப் பதிய வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்களில் இருவராவது சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். அதற்கு மேலே இருப்பது ஐபிசி தகுதி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்க வழிசெய்யும் பொதுநல அமைப்பு என்ற தகுதி. ஐபிசி அமைப்புக்குத் தகுதியான நன்கொடை கொடுப்பவருக்கு இப்போது 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அறக்கட்டளையே பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால் அதற்கு வருமான வரியே கிடையாது. அங்கே போய் ‘உங்களுக்கு வரிக்கழிவு கிடைக்கும்’ என்று முதல் வரியில் எழுதினால், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் படும். தனிமனிதர்களிடமும் கடைக்காரர்களிடமும் கேட்கும்போது அந்த வரி பயன்படும்.

பிறகு ஏன் அறக்கட்டளைகள் பதிவை விரும்புகின்றன? பதிவு இருந்தால் யாரோ ஒருவர் உங்கள் கணக்கைப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார் என்று பொருள். 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் முறைகேடாகச் செலவானது வெளிவந்தபோது இந்த ஊரே கொதித்தது. பத்து வெள்ளி இருபது வெள்ளி கொடுத்த சாதாரண மக்கள் அன்றைக்கு அடைந்த வேதனையை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சட்டம் இறுகியது, 2007இல் அறநிறுவனங்களை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் ஆளுகைக் கோவை வந்தது, 2023இல் அதைத் திருத்தினார்கள். அப்போதிலிருந்து கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது யார் நடத்துகிறார்கள் என்பதைத்தான். உங்கள் குழுவில் யார் யார் என்று நீங்கள் எழுதவில்லை. தலைவரும் பொருளாளரும் கணவன் மனைவி, கணக்குப் பார்ப்பவர் மைத்துனர் என்று இருந்தால், எல்லாரும் தங்கமானவர்களாகவே இருந்தாலும், அதை இப்போதே மாற்றுங்கள். காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. பதிவுக்கு இன்னும் தயாரில்லை என்றால், ஏற்கெனவே பதிவுபெற்ற ஓர் அமைப்போடு எழுத்துப்பூர்வமாக இணைந்து, நிதி அவர்கள் வழியே வரும்படி செய்யலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. நல்ல முறையில் தொடங்கிய பல பணிகள் அப்படித்தான் வளர்ந்தன.

நான் மானியக் கோரிக்கைகளைப் படித்து மதிப்பிடும் வேலையில் இருப்பவன். நீங்கள் தயாரிக்கப் போகும் வண்ணப் பக்கங்களைவிட உங்கள் வருகைப் பதிவேட்டை நான் அதிகம் நம்புவேன். ‘நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயன்பெறுகிறார்கள்’ என்பது எல்லாரும் எழுதுகிற வாக்கியம். ‘ஜனவரியில் 44 பேர் சேர்ந்தார்கள், செப்டம்பரில் 31 பேர் தொடர்ந்து வருகிறார்கள், நின்றுபோன 13 பேரில் ஆறு குடும்பங்கள் வீடு மாறின, நால்வருக்குச் சனிக்கிழமையில் இணைப்பாட நடவடிக்கை வந்துவிட்டது, மூன்று பேர் ஏன் நின்றார்கள் என்று தெரியவில்லை’ என்று ஒருவர் எழுதினால், நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன். அந்த மூன்று பேரைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதால்தான் மற்ற 41 பேரையும் நம்பத் தோன்றுகிறது. பிள்ளைகளின் படங்களை வைத்து உருக்க வேண்டாம். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராத படம் ஒன்று இருந்தால்கூடப் பொறுப்பான அறக்கட்டளை பின்வாங்கும், பின்வாங்கவும் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறோம் என்பது அந்தப் பிள்ளை ஊருக்குச் சொல்ல விரும்பாத விஷயமாக இருக்கலாம்.

செலவுக் கணக்கில் கை சுருக்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 48,000 என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். முதலாளி தரப்பு மத்திய சேம நிதி 17 விழுக்காட்டைச் சேர்த்தாலே 56,160 ஆகிவிடும். விடுப்பில் போனால் மாற்று ஆள், புத்தகம், பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, அறை வாடகை, காப்புறுதி எல்லாம் இன்னும் வர வேண்டும். குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து எழுதினால், இரண்டாம் ஆண்டில் உங்கள் தொண்டூழியர் ஒருவர் தன் கைக்காசைப் போட்டுக்கொண்டிருப்பார். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் குறைவான எண்ணைப் பார்த்து மகிழமாட்டார். இவர்களுக்குச் செலவு தெரியவில்லை என்று நினைப்பார்.

இனி, ஆட்கள். அழைப்பின் பேரில் கொடுக்கும் அறக்கட்டளைகள் தாங்கள் ஏற்கெனவே நம்புகிறவர்களிடம்தான் காதைக் கொடுக்கின்றன. இப்போது நிதி பெறும் அமைப்புகள், சேர்ந்து நிதி தரும் மற்ற அறக்கட்டளைகள், குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர்கள், பள்ளி முதல்வர்கள் என்று அந்த வட்டம் இருக்கும். உங்கள் வட்டாரத்துச் சமூக ஊழியருக்கு உங்கள் வகுப்பு தெரியுமா? தெரியாவிட்டால் அங்கே தொடங்குங்கள். அவர் பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் ஒரே பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், மூன்றாண்டு நிதி பெற்றதாகச் சொன்னீர்களே, அந்த அமைப்பைப் போய்ப் பாருங்கள். ‘எங்களை அறிமுகப்படுத்துங்கள்’ என்று ஆரம்பிக்காமல், நின்றுபோகும் பிள்ளைகளை எப்படித் திரும்ப வரவழைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள உங்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. உங்கள் பதிவேட்டு வடிவத்தை அவர்களுக்குக் கொடுங்கள். அந்த உறவு நிலைத்தால், அறக்கட்டளை அவர்களிடம் ‘இந்தத் துறையில் வேறு யார் நன்றாகச் செய்கிறார்கள்’ என்று கேட்கும் நாளில் உங்கள் பெயர் தானாக வரும்.

உங்கள் நண்பருக்குத் தெரிந்த அறங்காவலர் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நண்பர் உங்கள் வகுப்பைப் பார்த்திருக்கிறாரா? பார்க்காவிட்டால் அவரைத் தூது அனுப்பாதீர்கள். ஒரு சனிக்கிழமை காலை முழுக்க வந்து உட்காரச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு பிள்ளைக்கு அவரே வாசித்துக் காட்டட்டும். அதற்குப் பிறகு, அவருக்குத் தோன்றினால், தான் பார்த்ததை அறங்காவலரிடம் சொல்லலாம். கோரிக்கைத் தாளைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். நம் சமூகம் இங்கே சின்னது. அறங்காவலரைக் கல்யாண மண்டபத்திலோ, கோயிலிலோ, தீபாவளி விருந்திலோ நீங்களே சந்திக்க நேரலாம். அங்கே வணக்கம் சொல்லுங்கள், நலம் விசாரியுங்கள், நிதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். குடும்பத்தோடு வந்த இடத்தில் மடக்கிக் கேட்டவரை யாரும் மறப்பதில்லை. நிறுவனப் பதிவில் முகவரி தேடி வீட்டுக்குக் கடிதம் போடுவதும் அப்படித்தான்.

அலுவலகத்துக்கு மூன்றாவது மின்னஞ்சல் போடலாமா? ஏற்பதில்லை என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கோரிக்கையாக எதையும் அனுப்பக் கூடாது. அவர்கள் சொன்னதை மதிக்க வேண்டும். ஆனால் ஒரே பக்கத்தில், பணம் கேட்காத ஓர் அறிமுகக் கடிதம், ஆண்டறிக்கை வந்த கையோடு ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பலாம் என்பது என் எண்ணம். இப்படி இருந்தால் போதும்: ‘ஈசூனில் வாடகை வீடுகளில் வசிக்கும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். நீங்கள் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பதை அறிவோம், இது விண்ணப்பம் அல்ல. இந்த ஆண்டு எத்தனை பேர் தொடர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன் என்பதை இணைத்திருக்கிறோம். இதே துறையில் அக்கறை உள்ளவர்களுக்குப் பயன்படலாம் என்று அனுப்புகிறோம். சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் பார்க்கலாம்.’ பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டறிக்கை வரை சும்மா இருங்கள்.

அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாகவோ ‘வந்து பார்க்கலாமா’ என்ற இரண்டு வரி மின்னஞ்சலாகவோதான் வரும். வருகிற நாளுக்கென்று மேடை போடாதீர்கள், பிள்ளைகளைப் பாட வைக்காதீர்கள். வழக்கமான வகுப்பு நடக்கட்டும். அவர்கள் கட்டாயம் கேட்பது, மூன்று ஆண்டு கழித்து எங்கள் பணம் நின்றால் என்ன செய்வீர்கள் என்பது. அதற்குப் பதில் இருக்க வேண்டுமென்றால் மற்ற வாசல்களை இப்போதே பார்க்க வேண்டும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவோடு எந்தத் திட்டத்தில் சேர்ந்து வேலை செய்யலாம் என்று கேளுங்கள். ஏப்ரலில் நடக்கும் தமிழ் மொழி விழாவில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு ஒரு வாசிப்பு நிகழ்ச்சி செய்யலாம். கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் தமிழ்மொழி கற்றல், வளர்ச்சிக் குழு வகுப்பறைக்கு வெளியே தமிழை வளர்க்கும் முயற்சிகளை ஆதரிக்கிறது. இவை எதுவும் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிடாது. ஆனால் ஒரே ஒருவரை நம்பி நிற்கும் அமைப்பு என்ற அச்சம் போகும். தேக்காவில் கடை வைத்திருப்பவர்கள், பழைய மாணவர்களின் பெற்றோர், வேலைக்குப் போகத் தொடங்கிய பழைய மாணவர்கள் என்று மாதம் 20 வெள்ளி தருகிற ஐம்பது பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. அந்தத் தொகையைவிட, ஐம்பது பேர் தொடர்ந்து தருகிறார்கள் என்ற செய்தியை அறக்கட்டளைகள் கூர்ந்து பார்க்கும்.

நிதி கிடைத்துவிட்டால் உடனே முகநூலில் நன்றி போடாதீர்கள். பெயர் வெளியே வரக் கூடாது என்று விரும்பும் குடும்பங்கள் நிறைய. கேட்டு, அவர்கள் சம்மதித்த வார்த்தைகளில் மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, தமிழை அழுத்தாமல் எழுதலாமா என்ற கேள்வி. கூடாது. உங்கள் வகுப்பு தமிழ் வாசிப்பு வகுப்பு. அதை ‘எழுத்தறிவு மேம்பாடு’ என்று பூசி மெழுகினால், அவர்கள் ஆங்கில வாசிப்பு அளவீடுகளைக் கேட்பார்கள், நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள், மூன்றாம் ஆண்டில் வேறு ஏதோ ஒரு வகுப்பை நடத்திக்கொண்டிருப்பீர்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் நான்கு பாடங்களில் தாய்மொழியும் ஒன்று. துணைப்பாடத்துக்குப் பணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் யார் உதவுகிறார்கள் என்று நேராகக் கேட்டு எழுதுங்கள். எழுத்தறிவில் அக்கறையுள்ள அறங்காவலருக்கு அது புரியும். புரியாவிட்டால் அந்த அறக்கட்டளை உங்களுக்கானது இல்லை, இன்னொன்றைத் தேடலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் ‘நாங்கள் செய்வது இது’ என்று ஒரே வாக்கியம் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டுக் கூட்டக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். அறநிறுவனப் பதிவுப் படிவத்தில் நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்திலும் அதே வாக்கியம் தேவைப்படும்.